டாக்டர் எலியட் ஜாஸ்லின்

மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைச் செலுத்துவோன் என்னும் நான்கு உறுப்புக்களை உடையது என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றில் வகுத்துக் காட்டினார். அந்நான்கனுள்ளும் வைத்தியனுக்கு முன்னே நோயுற்றவனை வைத்தமை ஊன்றி நோக்கற்பாலது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் நடத்திக் காட்டிய பெருமகனார் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்திருந்தார். அவரே நீரிழிவு வைத்தியத்தில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் எலியட் பிராக்டர் ஜாஸ்லின் என்பவர். ஆறாத கால் புண்ணால் அவதியுற்ற எண்ணிறந்த மக்கள் தம் காலை இழவாது நடமாடும்படி செய்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இவர். இவருடைய சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு எடுத்துரைப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாசச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஆக்ஸ்போர்டு என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அவ்வூரில் 1869-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள் ஜாஸ்லின் பிறந்தார். இவர் தந்தையார் பாதரட்சை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் உடைமையாளர். காலுக்கு அணி செய்வோர் குடியிற் பிறந்த மைந்தர் பிற்காலத்தில் பிறர் காலைக் காக்கும் பணியிலே தம்மை ஈடுபடுத்திக் கொண்டது வியப்புக்குரிய ஒரு பொருத்தமே. செல்வக் குடியிற் பிறந்தும் இவர் செல்வச் செருக்கின்றி வளர்ந்தார். யேல் கல்லூரியிற் பயின்று 1890-இல் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1895-இல் வைத்தியப் பட்டமும் பெற்றார்.

மாணவராயிருந்த காலத்திலேயே, 1893-இல், நீரிழிவுற்ற ஓர் இளம்பெண்ணைப் பரிசோதிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. அவள் நிலைமையை ஒரு பேரேட்டில் முதற்கண் எழுதி வைத்தார். அன்று தொடங்கிய பேரேடு இவர் வாழ்நாள் முழுவதும் நிற்கவில்லை. தம்மிடம் வந்த ஒவ்வொருவருடைய வயது, எடை, உணவு, நோயின் போக்கு, முடிவு ஆகியவற்றை இவர் தவறாது குறித்து வந்தார். ஒரு வைத்தியனுடைய நினைவு அவனை ஏமாற்றலாம். எழுதி வைத்த கணக்கு ஏமாற்றாது. இக்கணக்கே பின்னர் இவருக்கு வழிகாட்டியாயிற்று.

இந்நோயைப் பற்றி இவர் கொண்ட கவலைக்கு இல்லத்திலும் காரணம் உண்டாயிற்று. இவருடைய அன்னையாருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவருக்கும் நீரிழிவு கண்டது. அன்னையாரின் உணவையும் பழக்கங்களையும் மைந்தரே வகுத்துக் கொடுத்தார். அன்னையாரும் அவற்றை வழுவாது கைக்கொண்டார். அதன் பயனாக, அக்காலத்து நோயாளர் பலரினும் நெடிது அவர் உயிர் வாழ்ந்தார். வைத்தியர் சொல்வதைவிட நோயாளர் நாள்தோறும் தம் இல்லத்திற் செய்வதே நோயின் போக்கைப் பெரிதும் முடிவு செய்கின்றது என்னும் கொள்கை இவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1898-இல் ஜாஸ்லின் பாஸ்டன் நகரில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் ஒரு வைத்தியர் ஒரே நோயில் தம் கருத்து முழுவதையும் செலுத்துதல் புதுமையாகக் கருதப்பட்டது. நீரிழிவுக்கு மருந்து ஒன்றும் இல்லாத காலம் அது. உணவைக் குறைத்து, சில வேளைகளிற் பட்டினியும் இருக்கச் செய்து, நோயாளரின் வாழ்நாளைச் சிறிது நீட்டுவதொன்றே வைத்தியர்க்கு இயன்றது. சிறுவர்கள் உடல் மெலிந்து எலும்பும் தோலுமாகி இறப்பதை இவர் கண்ணெதிரே காண நேர்ந்தது. ஆயினும் மனந்தளராது, கார்னகி உணவாராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த அறிஞர் பெனடிக்டுடன் கூடி, நோயுற்ற உடல் உணவை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதை ஆராய்ந்தார். 1916-இல் நீரிழிவுச் சிகிச்சையைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஆயிரம் நோயாளரைப் பற்றி இவர் எழுதி வைத்த கணக்கே அந்நூலுக்கு அடிப்படை. இரண்டாண்டு கழித்து, 1918-இல், மற்றொரு சிறு நூலை இயற்றினார். அது வைத்தியரும் நோயாளரும் ஒருங்கே வைத்துப் பயன்படுத்துவதற்கென்றே எழுதப்பட்டது. நோயாளர்க்கு நோயின் தன்மையைச் சொல்லுதல் தகாதென்று பல வைத்தியர் எண்ணியிருந்த காலத்தில், வைத்தியர் கையிலுள்ள அறிவை நோயாளர் கையிலும் கொடுத்த துணிவை என்னென்பது!

1921-இல் இவர் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு செய்தி காணப்படுகின்றது. நியூ இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் அகன்ற வீதியில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றில் ஒருவர்பின் ஒருவராகக் குடிபுகுந்த குடும்பத் தலைவர் எழுவருள் ஒருவர் நீங்கலாக ஏனைய அறுவரும் நீரிழிவால் மாண்டனர். இவ்விறப்புக்கள் தொற்றுநோயால் நிகழ்ந்திருக்குமாயின் சுகாதார அதிகாரிகள் விரைந்தோடி வந்திருப்பர். நீரிழிவாதலால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று இவர் வருந்தினார். மெல்ல வரும் நோயை மக்கள் மெத்தனமாகவே எண்ணுகின்றனர் என்பதை இவர் நன்குணர்ந்திருந்தார்.

1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங்கும் அவருடைய துணைவர்களும் இன்ஸுலினைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜாஸ்லின் அதனைப் பாஸ்டனில் முதன் முதலாகக் கையாண்டார். சாகும் தறுவாயிலிருந்தவர் உடல் தேறி எழுந்து நடமாடினர். உலகம் இனி நீரிழிவைப் பற்றிய அச்சமில்லை என்று ஆர்ப்பரித்தது. ஆனால் ஜாஸ்லினுடைய பேரேடு வேறொரு செய்தியைக் கூறிற்று. முன்னாளில் இறந்தவருட் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு மயக்கத்தால் மாண்டனர். இன்ஸுலின் வந்தபின் அத்தகைய இறப்பு அருகிற்று. நோயாளர் பல்லாண்டு வாழத் தொடங்கினர். அங்ஙனம் வாழ்ந்தவரை முதுமையில் மற்றொரு பகைவன் எதிர்கொண்டான். அதுவே ஆறாத கால் புண்ணும் அதனைத் தொடரும் கால் அழுகலும்.

நீரிழிவு உடையவர்க்குக் கால் புண் ஏன் ஆறுவதில்லை என்பதை அறிதல் வேண்டும். நெடுநாள் நீரிழிவால் காலின் நரம்புகள் உணர்ச்சி குன்றுகின்றன. ஜோட்டிலுள்ள ஆணி குத்தினும், சிறு கல் உறுத்தினும், வெந்நீர் சுடினும் அவர்க்கு நோவு தோன்றுவதில்லை. நோவு இல்லையாதலால் புண்பட்ட காலின்மேலேயே தொடர்ந்து நடக்கின்றனர். ஒருபுறம் காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் தடித்து ஒடுங்குவதால் போதிய இரத்தம் பாய்வதில்லை. மற்றொருபுறம் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதால் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைகின்றது. இம்மூன்றும் ஒன்று கூடுமிடத்து, பட்டாணியளவு கொப்புளமும் பாதத்தையே தின்றுவிடும் புண்ணாக மாறுதல் கூடும்.

காரணம் மூன்றாயிருக்க, வைத்தியம் ஒருவர் கையில் அடங்குவதெங்ஙனம்? அக்காலத்தில் உடல் வைத்தியர் சர்க்கரையை மட்டும் கவனித்தார். புண் முற்றியபின் இரண வைத்தியரை அழைத்தார். இரண வைத்தியரோ, அழுகல் மேலும் பரவுமென்றும், தாழ வெட்டின் புண் ஆறாதென்றும் அஞ்சித் தொடையளவில் காலை வெட்டினார். வெட்டுண்டவருட் பலர் பிழைக்கவில்லை. பிழைத்தவரும் தொழிலிழந்து பிறர் கையை எதிர்பார்த்தனர். அவர்களுட் பலருக்குச் சில ஆண்டுகளில் மறு காலிலும் அதே கேடு நேர்ந்தது. ஒவ்வொரு வைத்தியரும் தத்தம் கடமையைச் செய்தே வந்தனர். ஆயினும் ஒருவர் கடமைக்கும் மற்றவர் கடமைக்கும் இடையே நோயாளருடைய கால் போய்க்கொண்டிருந்தது.

இவ்விடைவெளியை அடைப்பதே ஜாஸ்லின் மேற்கொண்ட பணி. பாஸ்டனில் மெதடிஸ்டு திருச்சபையைச் சேர்ந்த ஊழியப் பெண்கள் 1896-இல் நிறுவிய டீக்கனெஸ் ஆஸ்பத்திரியில் இவர் தம் நோயாளரைச் சேர்த்து வந்தார். அங்கே லீலண்டு மக்கிட்ரிக் என்னும் இரண வைத்தியரும், தம் உடனுழைப்பாளரான ஹௌவர்டு ரூட் என்னும் உடல் வைத்தியரும் ஒரே நோயாளரின் படுக்கையருகே ஒருங்கே நின்று ஆராயும்படி செய்தார். அவ்விருவரும் 1928-இல் நீரிழிவுடையோர்க்குரிய இரண வைத்தியத்தைப் பற்றி ஒரு நூலைக் கூட்டாக இயற்றினர். கத்தியைப் பிடிப்பவரும் இன்ஸுலினை அளப்பவரும் ஒரே நூலுக்கு ஆசிரியராயினமை இவர்கள் கொண்ட கொள்கைக்குத் தக்க சான்றாகும்.

அவ்விருவரோடு இக்குழு நின்றுவிடவில்லை. கால் ஆணியையும் காய்ப்பையும் தடித்த நகத்தையும் பக்குவமாகச் சீவி எடுக்கும் பாத வைத்தியர் குழுவில் ஓரிடம் பெற்றார். அந்நாளில் அத்தொழிலை வைத்தியர்கள் தாழ்வாகவே எண்ணினர். ஆனால் காய்ப்பின் அடியில் ஒளிந்திருக்கும் புண்ணை முதற்கண் காண்பவர் அவரே என்பதை ஜாஸ்லின் உணர்ந்தார். உணவை வகுப்போரும், சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிப்போரும், கட்டு மாற்றும் தாதிமாரும் உடனிருந்தனர். ஒருவர் கண்டதை மற்றவர்க்கு உடனே உரைத்தல் அங்கே விதியாயிற்று. சர்க்கரை அடங்காவிடின் கத்தி வைத்தும் பயனில்லை. சீழ் வெளியேறாவிடின் சர்க்கரையும் அடங்காது. ஆகவே உடல் வைத்தியர் இரண வைத்தியருக்காகவும், அவர் இவருக்காகவும் காத்திராமல், இருவரும் ஒரே நாளில் செயற்பட வேண்டியிருந்தது.

குழுவினர் அனைவருள்ளும் ஜாஸ்லின் தலைமை கொடுத்தது நோயாளருக்கே. வைத்தியர் நோயாளரைக் காண்பது ஆண்டில் சில நாழிகை மட்டும். நோயாளர் தம் காலோடு வாழ்வதோ ஒவ்வொரு நாளும். ஆகவே இவர் தம் ஆஸ்பத்திரியை ஒரு பள்ளிக்கூடமாகவே அமைத்தார். நோயாளர் வகுப்புக்களில் அமர்ந்து உணவை நிறுக்கவும், சிறுநீரைச் சோதிக்கவும், தாமே ஊசியேற்றிக் கொள்ளவும், கால்களைப் பேணவும் கற்றனர். முகத்தைக் கழுவுவதற்கு எவ்வளவு கருத்தெடுக்கின்றோமோ அவ்வளவு கருத்துடன் பாதத்தையும் நாள்தோறும் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்தல், வறண்ட தோலில் கம்பளிக் கொழுப்பைப் பூசுதல், வெந்நீர்ப் பையைக் காலருகே வையாமை, கால் ஆணியைத் தாமே அறுக்காமை, புதிய ஜோட்டைச் சிறிது சிறிதாகப் பழக்குதல், வெறுங்காலோடு நடவாமை, சிறு கீறல் கண்டாலும் அன்றே வைத்தியருக்கு அறிவித்தல் ஆகிய இவையே அவர்க்குக் கற்பித்த பாடங்கள். எளியனவாகத் தோன்றும் இவ்விதிகள் கத்தியால் இழந்த கால்களைக் காட்டிலும் மிகுதியான கால்களைக் காத்தன என்று துணிந்து கூறலாம்.

இல்லத்திற்குச் சென்றபின் பாடம் மறந்துபோதல் மனித இயல்பு. ஆதலால் ஜாஸ்லின் தாதியர் சிலரைத் தனியே பயிற்றி நோயாளரின் வீடுகளுக்கே அனுப்பினார். அவர்கள் அங்கே சில நாள் தங்கி, அடுக்களையில் உணவு சமைப்பதையும் காலைப் பேணுவதையும் குடும்பத்தார்க்குக் கற்பித்தனர். பயிற்சி பெற்ற தாதி வைத்தியருக்கு ஏவலாளி அல்லள், நோயாளருக்கு ஆசிரியை என்னும் உயர்ந்த நிலை இவரால் அவர்களுக்கு ஏற்பட்டது. இன்று உலகெங்கும் நீரிழிவுக் கல்வி புகட்டும் தாதியர்க்கு இவர்களே முன்னோடிகள்.

1934-ஆம் ஆண்டில், கால் அழுகலால் விளையும் அபாயத்தைப் பற்றி இவர் ஒரு கட்டுரையை வைத்திய இதழில் வெளியிட்டார். கால் அழுகல் தலைவிதியால் வருவதன்று; மனிதருடைய அசட்டையால் இம்மண்ணிலே விளைவது; ஆதலின் மனிதராலேயே தடுக்கத்தக்கது என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் டீக்கனெஸ் ஆஸ்பத்திரியில், பேக்கர் என்னும் செல்வர் பெயரால் ஒரு புதிய மனை திறக்கப்பட்டது. நோயாளரைப் படுக்கையிற் கிடத்துவதற்காக அன்றி, அவர்களை நடமாடச் செய்து கற்பிப்பதற்காகவே அது வகுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது பெனிசிலின் வழக்கிற்கு வந்தது. அதனால் கிருமிகளை அடக்கி வைக்க முடிந்தமையின், இரண வைத்தியருக்கும் புதிய துணிவு பிறந்தது. 1949-இல் மக்கிட்ரிக்கும் அவருடைய துணைவரும், தொடையளவில் வெட்டாமல் பாதத்தின் முற்பகுதியை மட்டும் எடுத்துக் குதிகாலைக் காக்கும் முறையை விரிவாக எழுதினர். பாதி பாதம் போயினும் தன் காலாலேயே நடப்பவன் மனிதருள் ஒருவனாக நிமிர்ந்து நிற்கிறான். மருந்து, கத்தி, கட்டு, உணவு, நோயாளரின் ஒத்துழைப்பு ஆகிய ஐந்தும் ஒரே இடத்திற் கூடியிராவிடின் இம்முறை வெற்றி பெற்றிராது.

ஜாஸ்லின் குறையற்றவர் என்று கூறுதல் உண்மையாகாது. இவர் கண்டிப்பு மிக்கவர். அதிகாலையிலே எழுந்து, அளவாக உண்டு, ஓயாது உழைத்தவராதலால், பிறரும் அவ்வாறே ஒழுக வேண்டுமென எதிர்பார்த்தார். நோய் முற்றுவது நோயாளரின் ஒழுங்கின்மையால் என்று இவர் கூறியது சில வேளைகளில் அவர்கள் உள்ளத்தைப் புண்படுத்தியிருத்தல் கூடும். வறியவர்க்கு நல்ல உணவும் நல்ல ஜோடும் வாய்ப்பது எளிதன்று. எவ்வளவு கருத்தாயிருப்பினும் சிலர்க்கு நோய் முற்றுவதும் உண்டு. இரத்தத்திலுள்ள சர்க்கரையை இத்துணைக் கண்டிப்பாக அடக்க வேண்டுவதில்லை என்று இவர் காலத்து வைத்தியர் சிலர் எதிர்வழக்காடினர். இவர் மறைந்து முப்பதாண்டிற்குப்பின், 1993-இல், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய பெரும் ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. சர்க்கரையை நன்கு அடக்கினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு குறைகின்றது என்பது அதனால் ஐயத்திற்கிடமின்றித் தெளிவாயிற்று. கண்டிப்பில் மிகைப்பட்டவராயினும் கொள்கையில் இவர் பிழைபட்டவரல்லர்.

தம் பிறந்த ஊரையும் இவர் மறந்தாரில்லை. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டில் அரசாங்கச் சுகாதார இலாகாவினர் வீடுதோறும் சென்று நீரிழிவைச் சோதித்தனர். ஊரிலிருந்த 4,983 பேரில் 3,516 பேரைச் சோதித்ததில் 70 பேருக்கு நோய் காணப்பட்டது. அவர்களுள் 40 பேர் முன்னரே அறிந்தவர். 30 பேர் அதுவரை அறியாதவர். அறிந்த நால்வருக்கு அறியாதவர் மூவர் என்னும் இவ்வுண்மை வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தது. கால் புண்ணோடு வந்தபின்னரே தமக்கு நீரிழிவு உண்டென்று அறிபவர் பலராயிருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

முதுமையிலும் இவர் ஓய்ந்திருக்கவில்லை. 1956-இல் இவருடைய வைத்தியசாலைக்குப் பாஸ்டனில் தனிக் கட்டடம் அமைந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் நோயாளரைக் கண்டு வந்தார். 1962-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் நாள் தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

விதைத்தவர் மறைந்தும் விளைவு மறையவில்லை. 1981-இல் இலண்டன் மாநகரின் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில், பாத வைத்தியர், ஜோடு அமைப்பவர், தாதி, உடல் வைத்தியர், இரண வைத்தியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் நீரிழிவுக் கால்களைக் கவனிக்கும் நிலையம் ஏற்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே பெரிய அளவிற் கால் வெட்டுதல் பாதியாகக் குறைந்ததென்று 1986-இல் அறிக்கை வெளியாயிற்று. 1989-இல் இத்தாலி நாட்டு செயின்ட் வின்சென்ட் என்னுமிடத்தில் ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, நீரிழிவு அழுகலால் கால் இழப்போர் தொகையை ஐந்தாண்டிற் பாதியாக்குதல் வேண்டும் எனக் குறிக்கோள் வகுத்தனர். தனித்தனியே நின்ற வைத்தியர்கள் கூடி நின்றதனால் விளைந்த பயன் இது.

மாணவ நண்பர்களே! நம்முள் வைத்தியத் தொழிலை மேற்கொள்ளுவோர் சிலராயிருப்பர். நீரிழிவுற்ற பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் இல்லத்தில் உடையவர் பலராயிருப்பர். அவர்களது பாதத்தை நாள்தோறும் ஒருமுறை குனிந்து பார்த்தல் பெரிய கல்வியை வேண்டுவதன்று. ஆயினும் முதிய கண்களுக்கு அது இயலாத செயல். அங்ஙனம் பார்ப்பவர் ஜாஸ்லின் அமைத்த குழுவில் தாமும் ஒருவராகின்றனர். நோயுற்றவரை முதலில் வைத்து, வைத்தியரும் மருந்தும் அருகிருப்போரும் அவரைச் சூழ நிற்கும்பொழுதே மருத்துவம் நிறைவெய்துகின்றது. ஒருவர் கைக்கு ஆறாத புண் பலர் கைகள் ஒன்றுபட்டவிடத்து ஆறும் என்பதே இப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.